மேலே மணல், கீழே தண்ணீர்: படவேடு ஏன் பச்சையாக இருக்கிறது? அரபுப் பாலைவனத்து சரளைச் சமவெளி நமக்குச் சொல்லும் பாடம்

சித்திரை வெயிலில் படவேடு பக்கம் போயிருக்கீங்களா? கமண்டல நாகநதி என்று பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலும் உருண்டைக் கல்லும்தான். பார்த்தால் ஒரு குட்டிப் பாலைவனம் மாதிரி இருக்கும். அப்படியே கரை ஏறிப் பாருங்கள். வாழைத்தோட்டம், நெல் வயல், பூந்தோட்டம், தென்னை.

ஆறு காய்ந்து கிடக்கிறது, கரை மட்டும் பச்சை. இது எப்படி சாத்தியம்?

இதே கேள்வியை சுமார் 2,800 கிலோமீட்டருக்கு அப்பால், ஐக்கிய அரபு அமீரகத்தில் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ராஸ் அல் கைமா, ஷார்ஜா பகுதிகளில் மலைக்கும் மணல் மேடுகளுக்கும் நடுவே சரளைக்கல் பரவிய சமவெளிகள் இருக்கின்றன. மழை மிகக் குறைவு. ஆனாலும் பேரீச்சை விளைகிறது, காய்கறி விளைகிறது, ஆடும் ஒட்டகமும் மேய்கின்றன. பாலைவனத்துக்குள் ஒரு வளமான நிலம்.

இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்ம ஊர்க் கிணறுகளின் எதிர்காலம் பற்றி ஒரு முக்கியமான விஷயம் புரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படவேடு எங்கே இருக்கிறது?

திருவண்ணாமலை மாவட்டம், போளூர் தாலுகா. ஆரணியில் இருந்தும் போகலாம், வேலூரில் இருந்து கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகவும் போகலாம். ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருவார்களே, அதே ஊர்தான்.

ஊரைச் சுற்றி ஜவ்வாது மலை. காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கும் அதே மலைத்தொடர். இந்த மலையில் இருந்து இறங்கி வருவதுதான் கமண்டல நாகநதி. கமண்டலத்துத் தண்ணீர்தான் ஆறாகப் பெருகியது என்று ஊரில் கதை சொல்வார்கள். இந்த ஆறு ஆரணியைத் தொட்டுக்கொண்டு போய் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு போய் பாலாற்றில் சேர்கிறது.

ஆக, படவேட்டில் ஆற்று மணலுக்கு என்ன நடக்கிறதோ, அது ஆரணிக்கும் தெரியும், அதற்குக் கீழே இருக்கிற ஊர்களுக்கும் தெரியும்.

சரளை நிலம் எப்படி உருவானது?

மலையில் பெய்யும் மழை வேகமாக இறங்கும். வரும்போது கல், சரளை, மணல், வண்டல் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். மலை முடிந்து நிலம் சமமாகும் இடத்தில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமக்கும் சக்தியும் குறையும்.

அப்போது முதலில் பெரிய கற்கள் விழும். கொஞ்ச தூரம் தள்ளி சரளை. அதற்கு அப்புறம் மணல். கடைசியில்தான் மெல்லிய வண்டல். இப்படி ஆயிரக்கணக்கான வருஷங்கள் படிந்து படிந்து, மலை அடிவாரத்தில் விசிறி விரித்த மாதிரி ஒரு நிலம் உருவாகும். பக்கத்துப் பக்கத்து ஓடைகளின் விசிறிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் அது ஒரு சமவெளியாகவே ஆகிவிடும்.

சரி, இதனால் என்ன லாபம்? லாபம் அந்தக் கற்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்டிப் பாறைதான். அந்தப் பாறையில் வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். நூறு லிட்டர் அளவுள்ள பாறையில் இருந்து நமக்குக் கிடைக்கக்கூடியது பொதுவாக 1 முதல் 3 லிட்டர் தண்ணீர்தான். ஆனால் அதே நூறு லிட்டர் அளவுள்ள மணலும் சரளையும் என்றால் 15 முதல் 25 லிட்டர் வரை கிடைக்கும்.

ஒரு ஏக்கர் நிலத்துக்குக் கீழே வெறும் 10 அடி ஆழத்துக்கு மணலும் சரளையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த கணக்காக 15 சதவீதம் போட்டாலே அதில் சுமார் 18 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எடுத்தால் 150 லாரிக்கு மேல் வரும். அதே ஆழத்துக்குப் பாறையாக இருந்தால், 2 சதவீதக் கணக்கில் இரண்டரை லட்சம் லிட்டர் கூடத் தேறாது.

இன்னொரு நன்மையும் உண்டு. மேலே இருக்கும் சரளையும் மணலும் ஒரு மூடி மாதிரி வேலை செய்யும். ஏரியில் நிற்கும் தண்ணீரை வெயில் குடித்துவிடும். நாலைந்து அடி மணலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை வெயிலால் அவ்வளவு எளிதில் தொட முடியாது. ஆறு காய்ந்து கிடக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது தண்ணீரைக் கீழே ஒளித்து வைத்திருக்கிறது. ஆற்றில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியில் மொண்டு குடம் நிரப்பிய பாட்டிகளுக்கு இந்த விஞ்ஞானம் யாரும் சொல்லித் தந்து தெரியவில்லை.

பாலைவனத்திலும் இதே கதைதான்

ஐக்கிய அரபு அமீரகம் என்றாலே துபாய் கட்டடங்களும் மணல் மேடுகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நாட்டின் கிழக்குப் பக்கம் ஹஜர் மலைத்தொடர் இருக்கிறது. ராஸ் அல் கைமா பக்கம் இந்த மலை சுமார் 1,900 மீட்டர் உயரம் வரை போகிறது.

இந்த மலைகளில் எப்போதாவது மழை பெய்தால் 'வாதி' எனப்படும் காட்டாறுகளில் வெள்ளம் சீறிக்கொண்டு வரும். அது கொண்டுவந்து கொட்டிய சரளைதான் அடிவாரச் சமவெளி. ராஸ் அல் கைமாவில் ஜிரி சமவெளி, ஷார்ஜாவில் அல் தைத் சமவெளி எல்லாம் இந்த வகை. ஒரு பக்கம் மொட்டை மலை, இன்னொரு பக்கம் மணல் மேடு, நடுவில் மரங்களும் தோட்டங்களும்.

அமீரகத்தின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 1,000 மில்லிமீட்டர். அதாவது நமக்குப் பத்து மடங்கு. அவ்வளவு குறைந்த மழையிலும் அந்த நிலம் வளமாக இருந்ததற்குக் காரணம், அகலமான மலையில் விழுந்த மழை முழுவதும் ஒரு குறுகிய சரளை நிலத்தில் இறங்கிச் சேர்ந்ததுதான்.

இந்தச் சமவெளிகளில் பழைய காலம் தொட்டே மக்கள் இருந்திருக்கிறார்கள். ஜிரி சமவெளியில் கவாதிர் என்ற பழங்குடியினர் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்தார்கள். பேரீச்சைத் தோட்டம் இருக்கும் இடத்தில் ஊர், மேய்ச்சல் இருக்கும் இடத்தில் கூடாரம் என்பதுதான் வாழ்க்கை. ஆங்கிலேயர் காலத்தில், 1955-ல் ராஸ் அல் கைமாவின் டிக்டாகாவில் ஒரு வேளாண் சோதனைப் பண்ணையே தொடங்கினார்கள். எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்பே, பாலைவனத்தில் எங்கே பயிர் வரும் என்று தேடியவர்கள் வந்து நின்ற இடம் இந்தச் சரளை நிலம்தான்.

அவங்க தேசிய மரம், நம்ம கோயில் மரம்

அந்தச் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் ஒரு மரம் உண்டு. அரபியில் 'காஃப்' என்பார்கள். அமீரகத்தின் தேசிய மரம். 2019-ஐ அந்த நாடு சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது சின்னமாக வைத்ததும் இந்த மரத்தைத்தான்.

அது வேறு ஒன்றும் இல்லை. நம்ம வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம், விஜயதசமி அன்று அம்பு போடும் வன்னி. கல்ஃபில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் பலர் தினமும் அதைக் கடந்து போய்க்கொண்டு இருப்பார்கள், பெயர் தெரியாமலே.

வன்னியின் வேர் 30 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். மேலே மழை இல்லாவிட்டாலும், கீழே சரளைக்குள் இருக்கும் ஈரத்தைத் தேடிப் போகும். அதனால்தான் வன்னி நிற்கும் இடத்தைப் பார்த்து, கீழே தண்ணீர் இருக்கிறது என்று அந்த ஊர் மக்கள் கணித்தார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு, அது சந்தோஷமானது அல்ல. வன்னியின் சொந்தக்காரனான சீமைக் கருவேலம் அங்கேயும் பரவிக்கிடக்கிறது, இங்கேயும் பரவிக்கிடக்கிறது. இரண்டு நாட்டிலும் அதை வெட்டி எடுப்பது பெரிய தலைவலி.

ஃபலஜும் ஊற்றுக்காலும்

சரளைக்குள் இருக்கும் தண்ணீரை மோட்டார் இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்?

அரபு நாட்டில் அதற்கு ஃபலஜ் என்று பெயர். மலை அடிவாரத்தில் நீர்மட்டம் இருக்கும் ஆழத்துக்குக் கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து மிக லேசான சரிவில் நிலத்துக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டே வருவார்கள். நிலம் சரியச் சரிய, கால்வாய் ஒரு கட்டத்தில் தரைக்கு மேல் வந்துவிடும். தண்ணீர் தானாக ஓடித் தோட்டத்துக்குப் போகும். இந்த நுட்பம் அந்தப் பகுதியில் சுமார் 3,000 ஆண்டுகள் பழமையானது. ஓமனில் உள்ள ஐந்து ஃபலஜ் அமைப்புகளை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம்ம பக்கம்? பாலாறு, செய்யாறு பாசனப் பகுதிகளில் ஊற்றுக்கால் என்று ஒன்று இருந்தது. பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் பாசனத்தில் அதற்குப் பெரிய பங்கு. காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் நீளமாக ஒரு கால்வாய் தோண்டுவார்கள். மணலுக்குள் இருக்கும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஊறி அதில் சேரும். அதை அப்படியே சரிவில் கரை ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வெள்ளம் வந்தால் கால்வாய் தூர்ந்துபோகும். ஊரே சேர்ந்து மறுபடி தூர்வாரும். யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது ஊர்க்கட்டுப்பாடு.

ஃபலஜுக்கும் ஊற்றுக்காலுக்கும் ஒரு முக்கியமான ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் தண்ணீர் தானாக வரும் அளவுக்குத்தான் எடுக்க முடியும். நீர்மட்டம் கால்வாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் நின்றுவிடும். பேராசைக்கு அங்கே வழியே இல்லை. எடுக்கும் கருவியிலேயே அளவுக்கட்டுப்பாடு இருந்தது. யாரும் சட்டம் போட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு ராஜ்ஜியம் ஏன் இந்த அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தது?

இன்றைய படவேடு ஒரு ஊராட்சி. ஆனால் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இது ஒரு தலைநகரம். அன்று பெயர் படைவீடு. பிற்காலச் சோழர்களுக்குக் கீழ் சிற்றரசர்களாக இருந்து, பிறகு தனி ஆட்சி நடத்திய சம்புவராயர்களின் ஊர் இது. ராஜகம்பீர சம்புவராயர் பெயரில் ராஜகம்பீரன் மலை இன்னும் இருக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து வந்தபோது முதலில் மோதியது இந்தச் சம்புவராயர்களோடுதான். அந்தப் படையெடுப்பை அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்று வடமொழிக் காவியமாகவே எழுதினார்.

தலைநகரத்துக்கு மலை பாதுகாப்பு தரும். ஆனால் ஒரு படையும் அதன் குதிரைகளும் கோயில்களும் நிலைத்து நிற்க வேண்டும் என்றால் பாதுகாப்பு மட்டும் போதாது. வருஷம் முழுவதும் தண்ணீரும் சோறும் வேண்டும். மலைக்கு நடுவே, கோடையிலும் கிணறு வற்றாத ஒரு அடிவாரப் பள்ளத்தாக்கு இரண்டையும் தரும். ஊரைச் சுற்றி இன்றும் இத்தனை பழைய கோயில்கள் இருப்பதற்குப் பின்னால் இந்த நிலத்தின் வளமும் இருக்கிறது.

இந்த மண்ணை நம்பி இருப்பவர்கள் யார்?

மேலே இருந்து கீழே வருவோம்.

முதலில், மலை மேல். ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளி என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். சாமை, தேன், புளி, பலா என்று அவர்கள் வாழ்க்கை காட்டோடு கலந்தது. அந்தக் காடு நன்றாக இருந்தால் மழை மெதுவாக இறங்கும். காடு மொட்டையானால் மழை மண்ணை வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. அந்தக் களிமண்ணும் வண்டலும் கீழே சரளையின் சந்துகளை அடைத்துவிடும். அடைபட்ட சரளைக்குள் அடுத்த மழை இறங்காது.

இரண்டாவது, அடிவாரம். வாழை, நெல், பூ, மல்லாட்டை போடும் விவசாயிகள். இவர்களுடைய பயிர் அத்தனையும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான்.

மூன்றாவது, ஆரணி. பட்டுக்குப் பெயர்போன ஊர், புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. பட்டு நெசவுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை இருக்கும். அதைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்தால்தான் மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். நீர்மட்டம் ஆழம் போகப் போக, பாறைக்குள் இருந்து வரும் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, சாயம் திட்டுத்திட்டாக ஏறும். பட்டுப்புழு தின்னும் மல்பெரி இலைக்கும் பாசனம் வேண்டும். ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளுக்கு வரும் நெல்லுக்கும் இதே நிலத்தடி நீர்தான் பெரிய ஆதாரம்.

ஆக, மலையில் ஒரு சாமைக்காடு, அடிவாரத்தில் ஒரு வாழைத்தோப்பு, ஆரணியில் ஒரு தறி. மூன்றும் ஒரே தண்ணீரின் மூன்று முனைகள்.

அப்புறம் எங்கே வந்தது பிரச்சினை?

அரபுச் சமவெளிக்கு என்ன ஆனது என்று முதலில் பாருங்கள். எண்ணெய் வருமானம் வந்த பிறகு, போர்வெல்லும் பம்பும் வந்தன. ஃபலஜால் தொட முடியாத ஆழத்தை மோட்டார் தொட்டது. தோட்டங்கள் பெருகின. சில பத்தாண்டுகளில் நீர்மட்டம் சரசரவென்று இறங்கியது. பல ஃபலஜ்கள் வறண்டன. சில இடங்களில் கிணற்று நீர் உப்பாக மாறியது. ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சேர்ந்த தண்ணீரை ஒரு தலைமுறை எடுத்துவிட்டது.

அவர்களிடம் பணம் இருக்கிறது, கடல் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கிச் சமாளிக்கிறார்கள். 2022-ல் ஷார்ஜாவின் மிலீஹாவில் தொடங்கிய பெரிய கோதுமைப் பண்ணைக்குக்கூட குழாய் மூலம்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆரணியில் ஒரு வாழை விவசாயி அந்தச் செலவைத் தாங்க முடியுமா?

நம்ம ஊரிலும் கதையின் முதல் பாதி அப்படியே நடந்திருக்கிறது. ஏற்றம், கவலை இருந்த காலத்தில் மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் தண்ணீர். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது, கடைசியில் போர்வெல் வந்தது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. விவசாயிக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் எவ்வளவு எடுக்கிறோம் என்று யோசிக்க வைத்த ஒரே கணக்கும் அதோடு போய்விட்டது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2013-ல் அதுவும் ரத்தானது.

பயிர்க் கணக்கையும் பாருங்கள். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம். மல்லாட்டைக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் போதும். வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் என்றால், அந்த நிலத்தில் விழுந்த மழை போக மீதி எல்லாம் ஏரியில் இருந்தோ, சரளைக்குள் இருந்த சேமிப்பில் இருந்தோதான் வந்தாக வேண்டும்.

ஒரு லாரி மணல் போனால் என்ன போகும்?

தண்ணீரை அதிகமாக எடுத்தால்கூட, நல்ல மழை வந்தால் சரளை மறுபடி நிரம்பும். ஆனால் சரளையையும் மணலையுமே அள்ளிவிட்டால்?

இரண்டு யூனிட் மணல் என்பது 200 கன அடி. அதில் 15 சதவீதம் என்று கணக்குப் போட்டால், 30 கன அடி தண்ணீர் நிற்கும் இடம். சுமார் 850 லிட்டர். ஒரு லாரி மணல் ஆற்றை விட்டுப் போகும்போது 850 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி போகிறது.

ஒரு தடவை 850 லிட்டர் இல்லை. அந்தத் தொட்டி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிரம்பக்கூடியது. இருபது வருஷத்துக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது நிரம்பியிருக்கும். மேலிருந்து புது மணல் வந்து சேரும் வரை அந்த இடம் காலிதான். நடுவில் ஒரு அணை வந்துவிட்டால் மணல் வருவதும் குறையும்.

படுகை பள்ளமாவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆற்றுப்படுகை கரைக் கிணறுகளின் நீர்மட்டத்தைவிடக் கீழே போய்விட்டால், கிணற்றுத் தண்ணீர் ஆற்றுப் பள்ளத்தை நோக்கி வடிய ஆரம்பிக்கும். கரையில் இருப்பவர் மோட்டார் போடாமலே அவர் கிணறு இறங்கும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெரும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போனதே என்று பலர் வருத்தப்பட்டார்கள். அணை கட்டியிருக்கலாமே என்றும் கேட்டார்கள். ஆனால் அந்த ஆற்றுக்கு இயற்கை ஏற்கெனவே ஒரு அணை கட்டியிருந்தது, தரைக்குக் கீழே. அதைத்தான் நாம் லாரி லாரியாக அள்ளி வீடு கட்டினோம்.

செண்பகத்தோப்பு அணை போதாதா?

படவேட்டுக்கு மேலே கமண்டல நாகநதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. உயரம் சுமார் 62 அடி, கொள்ளளவு சுமார் 287 மில்லியன் கன அடி. லிட்டர் கணக்கில் சுமார் 813 கோடி. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் சாத்தனூர் அணையோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

அணை தேவையில்லை என்று அர்த்தம் இல்லை. வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, மெதுவாக விட்டால் கீழே சரளைக்கு அது ஒரு வரம். தடதடவென்று ஓடும் வெள்ளத்தைவிட, பல நாட்கள் மெல்லிசாக ஓடும் தண்ணீர்தான் அதிகமாக நிலத்துக்குள் இறங்கும். ஆக, அணையைத் திறக்கும் முறையிலேயே கிணறுகளை நிரப்பும் வழி இருக்கிறது.

அமீரகத்தில் 1980-களில் இருந்து இதைத்தான் செய்கிறார்கள். வாதி பிஹ், வாதி ஹாம் போன்ற காட்டாறுகளில் கட்டிய அணைகளின் முக்கிய வேலை வெள்ளத்தைப் பிடித்து நிறுத்திச் சரளைக்குள் இறக்குவது. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த நாட்டில் 1949-ல் பதிவு தொடங்கியதில் இருந்து இப்படி ஒரு மழை இல்லை. எப்போது வரும் என்று தெரியாத மழையை, வரும் அன்று பிடித்துக்கொள்ள இடம் தயாராக இருக்க வேண்டும்.

நாகநதிப் பெண்கள் காட்டிய வழி

நல்ல செய்தியும் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல வருஷங்களாக வறண்டு கிடந்தது. அதை மீட்கும் வேலையில் இறங்கியவர்கள் கிராமத்துப் பெண்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல ஆயிரம் பெண்கள் சேர்ந்து உறைகிணறுகளும் தடுப்புகளும் அமைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மன் கி பாத்' நிகழ்ச்சியிலேயே இந்த வேலை பேசப்பட்டது.

அவர்கள் செய்தது ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. ஓடையின் குறுக்கே கற்களை அடுக்கி ஒரு தடுப்பு. ஓடிவரும் தண்ணீர் கொஞ்சம் நிதானிக்கும். பக்கத்தில் சிமென்ட் உறை இறக்கிய ஒரு உறிஞ்சு கிணறு. மேலே இருக்கும் இறுகிய களிமண் அடுக்கைத் தாண்டி, தண்ணீர் நேராகக் கீழே இருக்கும் மணல் அடுக்குக்குப் போய்ச் சேரும். ஒரு கிணறு பெரிய மாற்றம் தராது. மலை உச்சியில் இருந்து வரிசையாக ஆயிரக்கணக்கில் செய்தால் ஆறு திரும்பும்.

கவனிக்க வேண்டிய விஷயம், வேலையை மலையில் இருந்து தொடங்கியதுதான். கீழே எத்தனை கிணறு தோண்டினாலும், மேலே இருந்து தண்ணீர் மெதுவாக வராவிட்டால் பயன் இல்லை.

நாம் என்ன செய்ய முடியும்?

உங்கள் நிலமோ வீடோ மலையடிவாரத்திலோ ஆற்றோரத்திலோ இருந்தால், சில விஷயங்களை இன்றே தொடங்கலாம்.

* கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். ஒரு கயிறும் கல்லும் போதும். மாதம் ஒரு முறை, அதே தேதியில், மோட்டார் ஓடாத காலை நேரத்தில். தை மாத அளவையும் வைகாசி அளவையும் வருஷா வருஷம் ஒப்பிட்டால் உங்கள் நிலம் சேமிக்கிறதா, செலவழிக்கிறதா என்று தெரியும்.

* மூடிக்கிடக்கும் பழைய திறந்தவெளிக் கிணற்றைக் குப்பை போட்டு மூடாதீர்கள். வடிகட்டி அமைத்து மழைநீரை விட்டால், அதுவே தயாராக இருக்கும் உறிஞ்சு கிணறு.

* வாழைக்குச் சொட்டுநீர் போட்டால் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும். அரசு மானியமும் இருக்கிறது. இரண்டாம் போகத்தில் நெல்லுக்குப் பதில் மல்லாட்டையோ சிறுதானியமோ போட முடியுமா என்று பாருங்கள்.

* ஊரில் பழைய ஊற்றுக்கால் தடம் இருந்தால் ஆக்கிரமிப்பு ஆகாமல் கிராமசபையில் பதிவு செய்யுங்கள். தண்ணீர் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

* ஆற்றில் அனுமதி இல்லாமல் மணல் அள்ளினால் புகார் சொல்லுங்கள். போவது மணல் மட்டும் அல்ல, உங்கள் கிணற்றின் கொள்ளளவு.

பாலை என்பது ஒரு இடமா, ஒரு நிலையா?

தமிழ் இலக்கியத்தில் ஐந்து நிலங்களில் பாலைக்கு மட்டும் தனி இலக்கணம் உண்டு. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் வளம் இழந்தால் அதுவே பாலை ஆகிவிடும் என்று சிலப்பதிகாரம் விளக்கும். அதாவது பாலை பிறப்பது இல்லை, ஆவது.

படவேடு குறிஞ்சியும் முல்லையும் சந்திக்கும் இடம். பத்து மடங்கு குறைவான மழையில் ஒரு பாலைவனச் சமவெளி ஆயிரக்கணக்கான வருஷம் பச்சையாக இருந்தது. மோட்டார் வந்து சில பத்தாண்டுகளில் தடுமாறியது. நமக்கு மழை இருக்கிறது, மலை இருக்கிறது, அடியில் சரளை இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த மூன்றில் மழையை மட்டும்தான் வானம் தரும். மற்ற இரண்டையும் காப்பது நம் கையில்.

அடுத்த தடவை கமண்டல நாகநதிப் பாலத்தைக் கடக்கும்போது, காய்ந்துபோன ஆறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த மணலுக்குக் கீழே இருப்பது ஆரணி வரைக்குமான சேமிப்புக் கணக்கு.